உறைமோருக்கு ஆறு மாடி

வலது கையால் கம்பியைப் பிடித்து, இடது காலைத் தூக்கி மேல்படியில் வைத்து, அது படியில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் அஞ்சலாட்சி மற்றக் காலை எடுத்தாள். மருந்து ஏற்றத் தொடங்கிய மூன்றாவது தவணையிலிருந்து பாதம் எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரிவதில்லை. யாரோ பழந்துணியைச் சுருட்டிக் கணுக்காலுக்குக் கீழே கட்டிவிட்டது போல இருக்கும். ஆகவே கண்ணால் நடக்க வேண்டியிருந்தது. அவள் வீடு இரண்டாவது மாடி. போக வேண்டியது எட்டாவது மாடி. லிஃப்ட் கதவில் கோணியைக் கட்டி ஆறு மாதமாகிறது. மாடிக்கு இருபது படி, பத்துக்கு ஒரு திருப்பம், மொத்தம் நூற்றிருபது. மார்பை எடுத்த பக்கத்துக் கை தோளுக்கு மேலே போகாது என்பதால் அந்தக் கைக்கு வேறு வேலை கொடுத்திருந்தாள். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா அதில் இருந்தது. காலி டப்பா. வீட்டில் பாலைக் காய்ச்சி இறக்கி, தட்டைப் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறாள். விரலை விட்டால் விரல் பொறுக்கிற சூட்டுக்கு அது இறங்குவதற்குள் உறை வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். பால் ஆறிப்போனால் மறுபடி சுட வைத்துக்கொள்ளலாம், அது பெரிதில்லை. விளக்கு வைத்துவிட்டால்தான் பெரிது. விளக்கு வைத்த பிறகு உறையும் உப்பும் ஊசியும் யாரும் கொடுக்க மாட்டார்கள். கிளம்பும்போது மணி ஐந்தே கால். புருஷன் பெயர் டில்லி. அவன் காவல்காரன் வேலை முடிந்து வர ஏழாகும். அவன் வருவதற்குள் பால் உறைக்குப் போய், பாத்திரம் அலமாரி மூலையில் இருக்க வேண்டும். நேற்றே வந்திருக்கலாம். முந்தாநாளே வந்திருக்கலாம். வரவில்லை. இன்றைக்கு வந்தாயிற்று. பதினாலு, பதினைந்து.

மூன்றாவது மாடியில் நின்றாள். மூச்சு வாங்குவதற்காக நிற்கவில்லை, சும்மா நின்றுதான் பார்ப்போமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு பக்கமும் இரும்புக் கிராதி போட்ட கதவுகள். கிராதிக்குள்ளே கதவு, அதற்குள்ளே திரை. யார் வீட்டிலோ வெங்காயம் வதக்குகிறார்கள், யார் வீடென்று மூக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆற்றங்கரையில் இருந்தபோது படுத்தபடியே சொல்லிவிடுவாள், இன்றைக்கு முனியம்மா வீட்டில் கருவாடு, டெய்லர் வீட்டில் கடலைக்குழம்பு என்று. இங்கே வாசனை படிக்கட்டின் நடுப்பொந்து வழியாக மேலே போய்விடுகிறது. உங்கள் தெருவில் இருப்பவர்களை நம்புகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காகக் கேள்வி கேட்கிற பெண், பெயர் மதிவதனி. கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். மிகவும் நம்புகிறேன், ஓரளவு நம்புகிறேன், நம்பவில்லை, இதில் ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். தெருவே கிடையாதே அம்மா, மாடிதானே என்று அஞ்சலாட்சி சொன்னதற்கு, மாடியையே தெருன்னு வெச்சுக்கங்க என்று சிரித்தாள். வைத்துக்கொண்டாள். ஒரு தெருவைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். படுத்திருந்த தெருவில் தண்ணீர் ஓடிவந்த மாதிரி நிற்கிற தெருவில் ஓடாது, அது யார் குற்றமும் இல்லை. நடந்து போகும் தூரத்தில் பூங்கா இருக்கிறதா? பூங்கா என்று எழுதிய பலகை இருக்கிறது. வீட்டில் எத்தனை பேர்? இரண்டு பேர். நாய், பூனை, கோழி? கோழி இருந்தது, வீடு ஒதுக்கிய குலுக்கலில் கோழிக்கு வீடு விழவில்லை. இதற்கும் அந்தப் பெண் சிரித்தாள். சிரிக்க வைத்த பெருமையில் இருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. உங்கள் வீட்டைத் தவிர, கடந்த ஏழு நாளில் எத்தனை வீடுகளில் சமைத்ததைச் சாப்பிட்டீர்கள்?

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஒன்பது என்று வந்தது. ஏன் வந்தது என்பதை இந்தப் பத்து நாளில் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டாள், இப்போதும் நான்காவது மாடிக்கான படியில் காலை வைத்துப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். பக்கத்து நாற்காலியில் இன்னும் இரண்டு பொம்பளைகள் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் காதில் விழுமே என்பதாலா? இல்லை. தன் வயிற்றைப் பற்றித் தானே அப்படிச் சொல்வது ஏதோ சாபம் விட்டுக்கொள்வது போல இருந்தது, அதனால்தான். ஒன்பது என்றதும் யார் யார் வீடு என்று அந்தப் பெண் கேட்கவில்லை, கேட்டிருந்தால் திக்காமல் சொல்லியிருப்பாள். ரெஜினா, முனியம்மா, டெய்லர் வீடு, சரசு என்று ஆற்றங்கரை வரிசையில் அடிக்குழாய் வரைக்கும் ஒன்பது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஆற்றங்கரை வீடுகளை இடித்து எல்லாரையும் லாரியில் ஏற்றியபோது ஒன்பது வீடும் ஒன்பது கட்டடத்துக்குப் பிரிந்துபோனது. ரெஜினாவுக்கு மட்டும் இதே கட்டடத்தில் எட்டாவது மாடி விழுந்தது. மதிவதனி நிமிர்ந்து பார்த்து, நல்லதும்மா, நெறைய பேர் ஒன்னு ரெண்டுதான் சொல்றாங்க என்றாள். பிறகு குடலைப் பற்றிச் சொன்னாள். குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, பல வகை. யாரோடு இருக்கிறோம், யார் கையால் சாப்பிடுகிறோம், எந்த மண்ணில் நடக்கிறோம் எல்லாமே அந்த வகைகளை மாற்றலாம். வகை அதிகமாக இருந்தால் மருந்து நன்றாக வேலை செய்யுமா, வாந்தியும் பேதியும் குறையுமா என்று அஞ்சலாட்சி கேட்டாள். இன்னும் முடிவா தெரியாதும்மா, அதத்தான் தேடறோம் என்றாள் அந்தப் பெண். பொய் சொல்லத் தெரியாத முகம். அந்த முகத்துக்குத்தான் ஒன்பது என்று சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கே மலத்தைக் கொஞ்சம் எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. தாளில் ஒன்பது வீடு இருக்கிறது, குப்பியில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்பது வீட்டில் சாப்பிட்டும் இவள் குடல் காலியாக இருக்கிறதே, அப்படியானால் அக்கம்பக்கத்தால் ஒன்றும் ஆவதில்லை என்று எழுதிவிட்டால்? எங்கோ இன்னொருத்தி தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவளுக்குச் சொல்ல வேண்டியது மாறிப்போகும். நாளைக்கு இரண்டாவது குப்பி, இரண்டாவது தாள். நாளைக்கு அந்தப் பெண்ணிடம் ஒன்பதை அடிக்கச் சொல்ல வேண்டும். அது முடிவாகிவிட்டது. அடித்துவிட்டு என்ன எழுதச் சொல்வது என்பதற்குத்தான் இந்த ஏறுதல். இன்று வாங்குகிற உறை நாளைக் குப்பிக்குள் வந்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது குப்பி அடுத்த மாதம் இருக்கிறது. நாலாவது ஐப்பசியில். ஐப்பசி வரை இருப்பாள். இருந்துதான் ஆக வேண்டும், குப்பி கொடுக்க வேண்டுமே.

உறை என்று யோசித்ததில் ஒரு சூதும் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமில்லை. கதவைத் தட்டிக் கொஞ்சம் குழம்பு கொடு என்றால் அது பிச்சை. ஆற்றங்கரையில் யாரும் கேட்டதில்லை, உள்ளே போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். இங்கே உள்ளே போக முடியாது. உறைமோரை யாரும் இல்லை என்று சொன்னதில்லை. அது சோற்றிலும் சேராது, கடனிலும் சேராது. சண்டைபோட்டுப் பேசாமல் இருக்கிற வீட்டிலிருந்துகூட வாங்கலாம். ரெஜினா வீட்டுத் தயிரும் அஞ்சலாட்சி வீட்டுத் தயிரும் ஒரே உறைதான். லாரி ஏறிய அன்று ரெஜினா தன் சட்டியில் இருந்ததை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை இவள் மடியில் வைத்தாள். வழியெல்லாம் ததும்பாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். மாசியில் மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் தயிரே கூடாது என்று டில்லி நிறுத்திவிட்டான். எல்லாவற்றையும் கொதிக்க வைத்தான். குடிதண்ணீர், தட்டு, கரண்டி, ஒருநாள் வாழைப்பழத்தைக்கூட. போன வாரம் டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு அணுக்களின் எண்ணிக்கை ஏறிவிட்டது, வீட்டில் தோய்த்த தயிர் சாப்பிடலாம், வீட்டுச் சாப்பாடு எதுவும் சாப்பிடலாம் என்று இரண்டு பேரையும் வைத்துத்தான் சொன்னார். டில்லி தலையாட்டினான். வந்து மறுபடி கரண்டியைக் கொதிக்க வைத்தான்.

நான்காவது மாடியில் பர்வீன் கிராதிக்கு வெளியே நின்று காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சியைக் கண்டதும் அவள் கை நின்றது, ஒரு எட்டுப் பின்னால் போனாள். அந்த ஒரு எட்டை அஞ்சலாட்சி பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை, ஐந்து மாதமாக அதைத்தானே பார்க்கிறாள். குழாயடியில் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். நோன்பு மாதத்தில் பர்வீன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கஞ்சி கொடுத்துக்கொண்டே இறங்கியபோது, அஞ்சலாட்சி கதவுக்குப் பின்னால் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். செருப்புச் சத்தம் வந்தது, கதவுக்கு நேரே ஒரு நொடி நின்றது, பிறகு எதிர்வீட்டுக் கிராதி திறந்தது, பிறகு கீழே போய்விட்டது. மூன்று வருடமாக முதல் கரண்டி இவள் கிண்ணத்தில்தான். தொத்துகிற நோயில்லை என்று கதவைத் திறந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அன்றைக்கு ராத்திரியே தன் கையை முகர்ந்து பார்த்தாள், மருந்து நாற்றம் அடிக்கிறது என்று முடிவு செய்துகொண்டாள். அதிலிருந்து கம்பியைப் பிடித்து இறங்கினால் முந்தானையால் கம்பியைத் துடைத்துவிட்டு வருவாள். யாரும் சொல்லவில்லை, அவளே செய்தாள்.

எங்கே ஏறுகிறீர்கள், டில்லி அண்ணனுக்குத் தெரியுமா என்று பர்வீன் கேட்டாள். அண்ணனுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று அஞ்சலாட்சி திருப்பிக் கேட்டாள். பர்வீன் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள், படியைப் பார்த்தாள்.

"அண்ணன் வையும்க்கா. நோன்பு தொடங்கற மொதநாளே வந்து கையெடுத்துக் கும்புட்டாரு. அவளுக்கு யாரும் எதுவும் குடுக்காதீங்க, ஒரு வாய் ஒத்துக்கலன்னாலும் போய்டுவா, ரத்தத்துல ஒன்னுமே இல்லைன்னு. கிட்ட நின்னு இருமாதீங்கன்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு. எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

"உன் வூட்ல மட்டுமா சொன்னாரு?"

"எல்லா வூட்லயுந்தான். எட்டு மாடியும்."

அஞ்சலாட்சிக்குச் சொல்ல வார்த்தை அதிகமாகவே கிடைத்தது. ரத்தம் சரியாகிவிட்டது, இனிமேல் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னாள். அடுத்த நோன்பு எப்போது என்று கேட்டாள். இன்னும் ஏழு மாசம் இருக்குதுக்கா என்றாள் பர்வீன். இருக்கட்டும் என்று அஞ்சலாட்சி காலைத் தூக்கி வைத்தாள்.

கும்பிட்டான். டில்லி கும்பிட்டான். வீட்டை இடிக்க வந்த அதிகாரியைக் கும்பிடாதவன், எல்லாரும் காலில் விழுந்தபோது பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றவன், இவளைப் பெண் கேட்டு வந்தபோது இவள் அப்பனையே கும்பிடாதவன். முட்டி தேய்ந்துபோய் இரண்டாவது மாடிக்கே கம்பியைப் பிடித்து ஏறுகிறவன் எட்டு மாடி ஏறி, மாடிக்கு எட்டு வீடு, ஒவ்வொரு கிராதியாக நின்று. இந்த இடத்தில் நின்றிருப்பான். இந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கியிருப்பான். ஐந்தாவது மாடிக்கு இன்னும் எட்டுப் படி இருந்தது, எட்டையும் ஒரே மூச்சில் ஏறினாள், காலைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை. ஐந்து மாதம். ஐந்து மாதமாக என் கை நாறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, பக்கத்திலேயே படுத்திருந்தாயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் மனசு விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பான். சொல்லாமல்தான் விட்டது. காய்ச்சலில் ஒரு வாரம் கிடந்தபோது, உயிர் போகிறதானால் போகட்டும், யாருக்கு என்ன என்று அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காய்ச்சலில் யாராவது ஒரு வாய் கெட்டுப்போனதைக் கொடுத்திருந்தால் இன்று ஏறுவதற்குக் கால் இருந்திருக்காது, அதுவும் சரிதான். காப்பாற்றியிருக்கிறான். காப்பாற்றுகிறேன் என்று கதவையெல்லாம் அடைத்தவனுக்கு எதைத் திறக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று தெரியவில்லை. திட்ட வேண்டும். ஏழு மணிக்கு வரட்டும். திட்டிவிட்டு முட்டிக்குத் தைலம் தேய்க்க வேண்டும். எதை முதலில் செய்வது?

ஆறாவது மாடியில் தரை ஜில்லென்று இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. காலுக்கு ஜில்லென்று தெரியாதே என்று பார்த்தால் வலது செருப்பு இல்லை. ஏழு படி கீழே கவிழ்ந்து கிடந்தது. ஏழு இறங்கி ஏழு ஏறினால் பதினாலு. கண்ணாடிச் சில்லு குத்தினாலும் தெரியாத கால் அது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்திருக்கிறார். நின்று யோசித்தாள். ஏழாவது மாடியில் யாரோ சாம்பிராணி போட்டுவிட்டார்கள், வாசனை இறங்கி வந்தது. வெளியே வெயில் இருக்கும்போதே என்ன அவசரம் அவர்களுக்கு. செருப்பு கிடக்கட்டும். படியை ஒவ்வொன்றாகக் கண்ணால் துடைத்துக் காலை வைத்தாள். ரெஜினாவும் டில்லி பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டாளே என்பதுதான் இப்போது மனதில் நின்றது. மற்றவர்கள் புதியவர்கள், சரி. ரெஜினா இருபது வருடப் பழக்கம். இவளுக்குப் பிள்ளை தங்காமல் போன மூன்று தடவையும் ரெஜினாதான் கஷாயம் வைத்தாள், எந்த டாக்டரைக் கேட்டு வைத்தாள்? கும்பிட்டால் கேட்டுவிடுவாளா? கதவைத் திறக்காமல் போனால்? கிராதிக்குள்ளிருந்தே, டில்லி வேணாம்னு சொல்லிச்சே என்றால்? என்றால் கிராதியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். நிற்கத் தெரியும். நூற்றிருபதும் ஏறி வந்தவளுக்கு நிற்பதா பெரிது. நாளைக்கு அந்தப் பெண்ணிடம் எழுதச் சொல்வது எதுவானாலும் இந்தக் கதவில் நடப்பதைத்தான் எழுதச் சொல்வாள். கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவில்லை என்று. இனி ஒன்பது கிடையாது.

எட்டாவது மாடியில் கிராதி திறந்தே இருந்தது. ரெஜினா காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளைப் பரப்பி, நாளைக் காலைக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மேலே ஏசு படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது. அவள் நிமிர்ந்து தலைத்துணியிலிருந்து வெறுங்கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"வந்துட்டியா" என்றாள்.

உறை வேண்டும் என்று அஞ்சலாட்சி டப்பாவை நீட்டினாள். நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நீட்ட முடிந்தது. ரெஜினா டப்பாவைப் பார்க்கவில்லை, சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறாக ஏழு நிமிஷம் இருந்தது.

"ஏழு நிமிசம் கழிச்சு வந்திருந்தா தந்திருக்க மாட்டேன், போடின்னு அனுப்பியிருப்பேன்."

"உன் வூட்ல ஏதுடி வௌக்கு வெக்கறது. பல்பு பகல்லயே எரியுது."

"ஏசு ஒன்னும் சொல்ல மாட்டாரு. என் மாமியா செத்தும் கேப்பா."

எழுந்து போய்ச் சட்டியிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றி மூடினாள். டாக்டர் சொன்னாரா என்று கேட்டாள், சொன்னார் என்றாள் அஞ்சலாட்சி. டில்லிக்குத் தெரியுமா என்று கேட்டாள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். டப்பா கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு இறங்கலாம், பால் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆனால் கேட்காமல் இறங்க முடியவில்லை.

"அவன்தான் குடுக்காதன்னான். நீ சும்மாவாவது வந்து பாத்திருக்கலாம் இல்ல."

ரெஜினா மறுபடி கீரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முட்டியை மடக்க இரண்டு முறை முயன்றாள், மடங்கவில்லை, நீட்டியே வைத்தாள்.

"நோவுல கெடக்கறவ வூட்டுக்கு வெறுங்கையோட எவளாவது வருவாளா. ரொட்டி வாங்கி வெச்சேன், பழம் வாங்கி வெச்சேன். ஒன்னும் எடுத்துனு போகக் கூடாதுன்னுட்டான். கைய வீசிக்கினு வந்து நின்னா, சாகப் போறவள எட்டிப் பாக்க வந்த மாரி இருக்காதா. மூனு தடவ அஞ்சாவது மாடி வரைக்கும் வந்து திரும்பிட்டேன்."

அஞ்சலாட்சி நிலையை விட்டு உள்ளே வந்தாள். வெறுங்கை. எட்டு மாடியும் அதனால்தானா? பர்வீன் பின்னால் வைத்த அந்த ஒரு எட்டும்? எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கதவுக்குப் பின்னால் வெறுங்கையோடு நின்றிருக்கிறார்கள், அவள் கிண்ணத்தோடு நின்றிருக்கிறாள். சிரிப்பு வரும் போல இருந்தது, வரவில்லை. நாளைக்கு ஒன்பதை அடிக்கச் சொல்லிப் பூஜ்யம் என்று எழுதச் சொல்ல வேண்டும். ஏன் பூஜ்யம் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். அதற்குத் தாளில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதச் சொல்வாள், எழுதாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். இது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது. குடலுக்குள் என்ன இருக்கிறதோ தெரியாது, அதற்கு வெளியே இருப்பதை அவள் சொல்ல முடியும். நாளையிலிருந்து ஒவ்வொரு மாடியாகப் போய் டில்லி சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஐப்பசிக்குள் முடிந்துவிடும்.

மூச்சு அடங்கட்டும் உக்காரு என்று ரெஜினா சொன்னதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டிருந்தாள். டப்பாவைப் பக்கத்தில் வைத்தாள். ரெஜினா தண்ணீர் லாரியைப் பற்றி ஆரம்பித்தாள், நேற்றும் வரவில்லையாம், முந்தாநாள் வந்து பாதியில் போய்விட்டானாம், மோட்டார் போடுகிறவனை நாலு வார்த்தை கேட்டாளாம், அவன் என்ன சொன்னான் தெரியுமா என்று கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள். அஞ்சலாட்சி செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து, கீரையில் ஒரு கொத்தை எடுத்து உருவினாள்.